பலிபீடத்தில் என்னதான் நடந்தது? பண்டைய இஸ்ரவேலரின் பலிமுறை: ஓர் எளிய அறிமுகம்

பலிபீடம் என்றதும் பெரும்பாலானோர் மனதில் வருவது ஒரே காட்சிதான். கல் மேடை, அதன்மேல் கட்டிக் கிடத்திய ஆடு, ஓங்கிய கத்தி. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதையை ஓவியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வரைந்து வரைந்து நமக்குள் பதித்துவிட்ட காட்சி அது. வேதாகமத்தின் மூன்றாம் நூலான லேவியராகமத்தின் முதல் அதிகாரத்தைப் பொறுமையாகப் படித்தால் அது கலைந்துவிடும்.

அந்த அதிகாரத்தில் ஆடு அறுக்கப்படுவது பலிபீடத்தின் மேலே இல்லை, அதன் வடபுறத்தில். அறுப்பவரும் ஆசாரியர் (பூசாரி) இல்லை, ஆட்டைக் கொண்டுவந்தவர்தான். அதன் தலைமேல் கையை வைக்கிறார், அறுக்கிறார். இதற்கு ஓரிரு வரிகளே செலவாகின்றன. ஆசாரியரின் வேலை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. இரத்தத்தைப் பலிபீடத்தின் பக்கங்களில் தெளிக்க வேண்டும், விறகை அடுக்க வேண்டும், துண்டங்களை ஒழுங்காக வைத்து எரிக்க வேண்டும். புறா, காட்டுப்புறா கொண்டுவந்தால் மட்டும் விதிவிலக்கு: அதன் தலையை ஆசாரியரே பலிபீடத்தண்டையில் கிள்ளிவிடுவார்.

கொலைதான் சடங்கின் உச்சம் என்றால் அதை இவ்வளவு அவசரமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்க மாட்டார்கள். லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்கள் அக்கறையோடு விவரிப்பது வேறு இரண்டை: எந்தப் பங்கு யாருக்குப் போகிறது, இரத்தம் எங்கே பூசப்படுகிறது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

மண்ணும் செதுக்காத கல்லும்

முதலில் பலிபீடம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் பத்துக் கட்டளைகளுக்குப் பெயர்போனது. அதே அதிகாரத்தின் கடைசி வசனங்களில் பலிபீடம் கட்டும் விதி இருக்கிறது. மண்ணால் கட்ட வேண்டும். கல்லால் கட்டுவதானால் செதுக்காத கல்லாக இருக்க வேண்டும், உளி பட்டால் தீட்டாகிவிடும். படி வைக்கக் கூடாது, ஏறுகிறவனின் நிர்வாணம் தெரிந்துவிடும். இந்தக் கடைசிக் காரணம் சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் அந்தக் காலத்து உடையை நினைத்துப் பார்த்தால் நியாயமான கவலைதான். ஆசாரியர்களுக்குச் சணல்நூல் உள்ளாடையே விதியாக 28ஆம் அதிகாரத்தில் வருகிறது. எருசலேமின் இரண்டாம் ஆலயத்திலும் படிக்குப் பதிலாகச் சாய்தளம்தான் இருந்தது. எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தரிசனத்தின் பலிபீடத்துக்கு மட்டும் எப்படியோ படிகள் வந்துவிட்டன.

உளி ஏன் கூடாது என்பதற்கு யாத்திராகமம் காரணம் சொல்லவில்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு ஒரு காரணம் சொல்கிறது: இரும்பு மனிதனின் ஆயுளைக் குறைக்க உண்டானது, பலிபீடம் ஆயுளை நீட்டிக்க உண்டானது, குறைப்பதை நீட்டிப்பதன் மேல் ஓங்குவது சரியில்லை. பிற்கால விளக்கம்தான், ஆனாலும் பலிபீடத்தைச் சாவோடு சேர்க்காமல் உயிரோடு சேர்த்துப் பார்த்தவர்களின் விளக்கம்.

அதே விதியின் நடுவே ஒரு வாக்குறுதியும் இருக்கிறது. என் பெயரை எங்கே நினைவுகூரச் செய்கிறேனோ அங்கே உன்னிடம் வந்து உன்னை ஆசீர்வதிப்பேன் என்கிறார் கடவுள். அவர் வந்து மனிதரைச் சந்திக்கும் இடம் அது. ஆதியாகமத்தில் ஆபிரகாம் சீகேமில் ஒன்று, பெத்தேலுக்கும் ஆயிக்கும் நடுவில் ஒன்று, எபிரோனில் ஒன்று என்று பலிபீடங்களைக் கட்டிக்கொண்டே போகிறார். அந்த மூன்று இடங்களிலும் ஆடு மாடு எதுவும் பலியானதாக ஒரு வார்த்தை இல்லை. கடவுள் தரிசனமானார், அல்லது ஆபிரகாம் அவர் பெயரைச் சொல்லித் தொழுதார், அவ்வளவுதான்.

யோசுவா 22ஆம் அதிகாரத்தில் இதைவிட விசித்திரமான பலிபீடம் ஒன்று வருகிறது. யோர்தானுக்குக் கிழக்கே நிலம் பெற்ற ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் நதியோரத்தில் பெரிய பலிபீடம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். போட்டிக்கு இன்னொரு பலிபீடமா என்று மற்றக் கோத்திரங்கள் போருக்கே கிளம்பிவிட்டன. பினெகாஸ் என்ற ஆசாரியரும் பத்துத் தலைவர்களும் தூது போய்க் கேட்டால், அவர்களின் பதில் வேறாக இருந்தது: இதில் நாங்கள் எதையும் எரிக்கப் போவதில்லை, நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து ‘உங்களுக்கும் கர்த்தருக்கும் என்ன?’ என்று கேட்டுவிடாதபடி இது சாட்சியாக நிற்கட்டும் என்றுதான் கட்டினோம். பலியே இல்லாத பலிபீடம் என்ற எண்ணம் அவர்களுக்குப் புரியக்கூடியதாகவே இருந்திருக்கிறது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தூக்கிச் சென்ற வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் பலிபீடம் இவற்றிலிருந்து மாறுபட்டது. சீத்திம் (ஒருவகை வேல) மரப் பலகையால் செய்து வெண்கலத் தகடு போர்த்தியது. நீளமும் அகலமும் ஐந்து முழம், உயரம் மூன்று முழம், அதாவது ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர் சதுரமும் மனிதனின் மார்பளவு உயரமும். உள்ளே வெறுமை, பக்கங்களில் வளையங்கள், தூக்கிச் செல்லத் தண்டுகள். கூடாரத்துக்குள் திரைக்கு முன்னால் பொன்தகடு போர்த்திய சின்னப் பலிபீடம் ஒன்றும் உண்டு. அதில் தூபவர்க்கம் மட்டும்தான் எரியும்.

இரண்டுக்குமே நான்கு மூலைகளிலும் கொம்புகள் இருந்தன. கொம்பு எதைக் குறிக்கிறது என்று வேதாகமம் எங்கும் விளக்குவதில்லை, ஆனால் அதன் மதிப்பு தெரிகிறது. பாவநிவாரணபலியின் இரத்தம் கொம்புகளில்தான் பூசப்பட்டது. உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் பிடித்துக்கொண்டதும் அவற்றைத்தான். சாலொமோனோடு அரியணைக்குப் போட்டியிட்ட அதோனியா கொம்புகளைப் பிடித்து அப்போதைக்குத் தப்பினார். தளபதி யோவாப் பிடித்தும் தப்பவில்லை, அங்கேயே வெட்டப்பட்டார். திட்டமிட்டுக் கொன்றவனை என் பலிபீடத்திலிருந்தும் பிடித்துக்கொண்டு போய்க் கொல்லலாம் என்று யாத்திராகமம் 21இல் விதி இருக்கிறது. யோவாபின் கையில் இரண்டு கொலைகளின் இரத்தம் இருந்தது.

எந்தப் பங்கு யாருக்கு

லேவியராகமம் ஐந்து வகைப் பலிகளைச் சொல்கிறது. தமிழ் வேதாகமத்தில் அவற்றின் பெயர்கள்: சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி. பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றிலும் பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பதே புரிந்துகொள்ள நல்ல வழி.

சர்வாங்க தகனபலியில் முழு மிருகமும் கடவுளுக்கு. தோல் மட்டும் ஆசாரியருக்கு, மற்ற எல்லாம் புகையாக மேலே போய்விடும். காளை, செம்மறி அல்லது வெள்ளாட்டுக் கடா, முடியாதவர்களுக்குப் புறா. ஆலயத்தின் அன்றாட வழிபாடும் இதுதான். காலையில் ஒரு வயதுக்குட்பட்ட ஆட்டுக்குட்டி ஒன்று, மாலையில் ஒன்று, ஒவ்வொன்றோடும் எண்ணெயில் பிசைந்த மெல்லிய மாவும் திராட்சரசமும். ஓய்வுநாளில்கூட இது நிற்காது, கூடுதலாக இன்னும் இரண்டு குட்டிகள் சேரும். பலிபீடத்து நெருப்பு அணையவே கூடாது என்பது தனி விதி.

போஜனபலியில் இரத்தமே கிடையாது. மாவு, எண்ணெய், சாம்பிராணி. ஒரு பிடி எரியும், மிச்சம் ஆசாரியரின் சாப்பாடு. புளித்த மாவும் தேனும் பலிபீடத்தில் எரியக் கூடாது, உப்பு இல்லாமல் எதுவும் போகக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது சமாதானபலி. பலி என்றால் இழப்பு என்று நினைக்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். இதில் பலிபீடத்துக்குப் போவது குடல்மேல் உள்ள கொழுப்பு, இரண்டு குண்டிக்காய்கள் (சிறுநீரகங்கள்), ஈரலின்மேல் உள்ள சவ்வு. செம்மறி என்றால் அதன் கொழுத்த வாலும் சேர்த்து. மார்புக்கண்டமும் வலத் தொடையும் ஆசாரியருக்கு. மீதி முழுவதும் கொண்டுவந்தவருக்கும் அவர் வீட்டாருக்கும் விருந்து. நன்றிக்காகச் செலுத்தினால் அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும். நேர்ந்துகொண்ட பொருத்தனைக்காகவோ மனமுவந்து உற்சாகமாகவோ செலுத்தினால் மறுநாள் வரைக்கும் வைக்கலாம். மூன்றாம் நாளுக்கு மிஞ்சியதை எரித்துவிட வேண்டும். ஒரு மாட்டை இரண்டு நாளில் ஒரு குடும்பம் சாப்பிட்டு முடிக்க முடியுமா? ஆட்களைக் கூப்பிடத்தான் வேண்டும். மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, ஊரிலுள்ள லேவியன் (ஆலயப் பணிக்குரிய கோத்திரத்தான்) என்று யார் யார் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பதை உபாகமம் பட்டியலே போடுகிறது. இறைச்சி என்பதே அபூர்வமாக இருந்த விவசாயச் சமூகத்தில், பலியிடும் நாள் என்றால் கறி சாப்பிடும் நாள்.

சாமுவேலின் முதல் புத்தகம் அப்படி ஒரு நாளைக் காட்டுகிறது. எல்க்கானா வருஷந்தோறும் குடும்பத்தோடு சீலோவுக்குப் போய்ப் பலியிடுகிறார். மனைவி பெனின்னாளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் பங்கு போடுகிறார். பிள்ளையில்லாத அன்னாளுக்குத் தனிப் பங்கு கொடுக்கிறார். அவளோ சாப்பிடாமல் அழுகிறாள். அடுத்த அதிகாரத்தில் அதே சீலோவின் ஆசாரியர் ஏலியின் மகன்கள் செய்யும் அட்டகாசம் வருகிறது. ஜனங்களின் பானையில் இறைச்சி வேகும்போது மூன்று பல் உள்ள ஆயுதத்தோடு அவர்களின் ஆள் வந்து குத்தி எடுப்பான், எது சிக்குகிறதோ அது ஆசாரியருக்கு. அதைவிட மோசம், கொழுப்பு எரிவதற்கு முன்பே பச்சை இறைச்சியைக் கேட்டு வாங்குவது. முதலில் கொழுப்பை எரித்துவிடட்டும், அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று பலியிடுகிறவர் சொன்னாலும் கேட்பதில்லை. அந்தக் குடும்பத்தின் வீழ்ச்சிக்கு வேதாகமம் சொல்லும் காரணம் இதுதான். கடவுளின் பங்கு எரிவதற்கு முன்பே பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள் என்பதே குற்றத்தின் கனம்.

குற்றநிவாரணபலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிறர் பொருளை ஏமாற்றி எடுத்தவன் முதலில் அந்தப் பொருளையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூடவே ஆட்டுக்கடா ஒன்றைக் கொண்டுவர வேண்டும். கடாவைக் கொடுத்துவிட்டுப் பணத்தை அமுக்கிக்கொள்ள வழியில்லை.

இரத்தம் எதைக் கழுவியது

பாவநிவாரணபலி என்ற பெயரைப் பார்த்ததும் நாம் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறோம். மனிதன் பாவம் செய்தான், சாக வேண்டியவன் அவன், அவனுக்குப் பதில் ஆடு செத்தது. கிறிஸ்தவ மரபில் ஆழமாக வேரூன்றிய வாசிப்பு இது. லேவியராகமத்தின் விவரங்களோடு வைத்துப் பார்த்தால் அது முழுவதுமாகப் பொருந்துவதில்லை.

12ஆம் அதிகாரத்தில், குழந்தை பெற்ற தாய் தன் சுத்திகரிப்பு நாட்கள் முடிந்ததும் இந்தப் பலியைச் செலுத்துகிறாள். குழந்தை பெறுவது பாவம் என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. இயேசு பிறந்த பிறகு மரியாளும் இந்த விதிப்படி ஏழைகளின் காணிக்கையான இரண்டு பறவைகளைக் கொண்டுவந்ததாக லூக்கா எழுதுகிறார். இன்னொன்று, புதிதாகச் செய்த பலிபீடத்துக்கே பாவநிவாரணபலி செலுத்த யாத்திராகமம் 29 சொல்கிறது. வெண்கலத் தகடு என்ன பாவம் செய்திருக்கும்?

யூத ரபியும் லேவியராகம ஆய்வில் பெரும் பெயருமான ஜேக்கப் மில்க்ரோம் (1923–2010) இதற்கு ஒரு விடை தந்தார். இந்தப் பலியின் இரத்தம் மனிதன்மேல் பூசப்படுவதே இல்லை, பலிபீடத்தின்மேல்தான் பூசப்படுகிறது. ஆகவே சுத்தமாவது பரிசுத்த ஸ்தலம். மனிதரின் பாவமும் தீட்டும் கண்ணுக்குத் தெரியாமல் ஆலயத்தில் போய்ப் படிகின்றன. அழுக்கு ஏறிக்கொண்டே போனால் ஒருநாள் கடவுள் அங்கே இருக்க மாட்டார். அழுக்கைத் துடைக்கும் பொருள் இரத்தம், ஏனென்றால் உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்கிறது லேவியராகமம் 17. உயிர்தான் சாவின் கறையை அகற்றும். மில்க்ரோமோடு எல்லா அறிஞர்களும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவதில்லை. மனிதனின் அசுத்தமும் நீங்குகிறது என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இரத்தம் எங்கே போகிறது என்ற அவர் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

அந்தக் கேள்வியோடு 4ஆம் அதிகாரத்தைப் படித்தால் ஒரு வரைபடமே கிடைக்கும். சாதாரண மனிதன் தெரியாமல் தவறினால் இரத்தம் வெளிமுற்றத்துப் பலிபீடத்தின் கொம்புகளில். பிரதான ஆசாரியரோ முழுச் சபையோ தவறினால் இரத்தம் கூடாரத்துக்குள் போகிறது. திரைக்கு முன் ஏழு தரம் தெளித்து, தூபபீடத்தின் கொம்புகளில் பூசுகிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, பாவநிவிர்த்தி நாளில், திரைக்கு அப்பால் உள்ள மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளேயே போகிறது. குற்றத்தின் கனம் கூடக்கூட அழுக்கு உள்ளே ஆழமாகப் போகிறது, இரத்தமும் பின்தொடர்ந்து போகிறது.

‘தெரியாமல்’ என்ற சொல்லை இங்கே விட்டுவிடக் கூடாது. தனிமனிதனின் பாவநிவாரணபலி அறியாமல் செய்த தவறுகளுக்குத்தான். துணிகரமாகச் செய்த பாவத்துக்கு அவன் கொண்டுவரக்கூடிய பலி எதுவும் இல்லை என்கிறது எண்ணாகமம் 15. கொலைக்கும் விபசாரத்துக்கும் ஆட்டைக் கொடுத்துத் தப்ப முடியாது. அந்த இரண்டையும் செய்த அரசர் தாவீதின் பெயரில் உள்ள 51ஆம் சங்கீதம், ‘பலியை நீர் விரும்புகிறதில்லை, விரும்பினால் செலுத்துவேன்’ என்று உடைந்துபோவது அதனால்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பாவத்துக்குப் பலி இல்லை.

பாவநிவிர்த்தி நாளில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் நிறுத்தப்படும். சீட்டுப் போட்டு ஒன்று கர்த்தருக்கு, மற்றது தமிழ் வேதாகமம் சொல்லும் போக்காடு. முதல் கடாவின் இரத்தம் ஸ்தலத்தைச் சுத்திகரிக்கும். அப்புறம் பிரதான ஆசாரியர் இரண்டு கைகளையும் போக்காட்டின் தலையில் வைத்து, இஸ்ரவேலின் அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிட்டு, அவற்றை அதன் தலைமேல் சுமத்தி, ஓர் ஆளிடம் கொடுத்து வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார். கவனியுங்கள்: பாவங்கள் தன்மேல் ஏற்றப்பட்டதாக வெளிப்படையாகச் சொல்லப்படும் ஒரே மிருகம் இதுதான். இதன் இரத்தம் பலிபீடத்துக்குப் போகவில்லை. லேவியராகமத்தின்படி இது உயிரோடு போகிறது.

ஏழையின் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆடு கொண்டுவர முடியாதவன் இரண்டு பறவைகளைக் கொண்டுவரலாம். அதற்கும் வசதி இல்லையென்றால் எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு போதும், எண்ணெயும் சாம்பிராணியும்கூட வேண்டாம். அவனுக்கும் அதே மன்னிப்பு. புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் 9ஆம் அதிகாரத்தில், மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தின்படி ‘ஏறக்குறைய’ எல்லாம் இரத்தத்தால் சுத்திகரிக்கப்படுகிறது என்று எழுதியவருக்கு இந்த மாவு நினைவில் இருந்திருக்க வேண்டும்.

கடவுளுக்குப் பசிக்குமா

அக்கம்பக்கத்து நாடுகளில் தெய்வங்களுக்கு உணவு வேண்டியிருந்தது. மெசொப்பொத்தேமியக் கோயில்களில் சிலைகளின் முன் தினமும் வேளைக்கு வேளை சாப்பாடு வைத்தார்கள். அவர்களின் வெள்ளக் கதையில், பிரளயம் முடிந்து பலியின் வாசனை எழுந்ததும் பசியோடிருந்த தெய்வங்கள் ஈக்களைப் போல வந்து மொய்க்கின்றன. ஆதியாகமத்தின் வெள்ளக் கதையிலும் நோவா பலிபீடம் கட்டுகிறார், கர்த்தர் சுகந்த வாசனையை முகர்கிறார். ஆனால் மொய்ப்பதில்லை. இனி பூமியைச் சபிப்பதில்லை என்று தமக்குள் சொல்லிக்கொள்கிறார்.

இஸ்ரவேலின் சடங்கு மொழியில் பழைய எண்ணத்தின் தடயம் இருக்கத்தான் செய்கிறது. பலியை ‘கடவுளின் அப்பம்’ என்றே லேவியராகமம் 21 அழைக்கிறது. கூடாரத்துக்குள் பொன் மேசையில் பன்னிரண்டு அப்பங்கள் வைக்கப்படுகின்றன. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை அவற்றைச் சாப்பிடுவது ஆசாரியர்கள். 50ஆம் சங்கீதம் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்கிறது. எனக்குப் பசித்தால் உன்னிடம் சொல்ல மாட்டேன், பூமி முழுவதும் என்னுடையது, நான் எருதுகளின் இறைச்சியைத் தின்று ஆட்டுக்கடாக்களின் இரத்தத்தைக் குடிப்பேனா என்று கேட்கிறார் கடவுள். கேலி தெறிக்கும் வரிகள்.

நரபலியைப் பற்றியும் கேள்வி வரும். இஸ்ரவேலரின் தெற்கு அரசான யூதாவில் அது நடந்திருக்கிறது, எருசலேமை ஒட்டிய இன்னோம் பள்ளத்தாக்கில் பிள்ளைகள் தீக்கு இரையாக்கப்பட்டதை வேதாகமமே மறைக்காமல் சொல்கிறது. ‘அதை நான் கட்டளையிடவும் இல்லை, என் மனதில் தோன்றவும் இல்லை’ என்று எரேமியா 7இல் கடவுள் கொதிக்கிறார். சட்டம் சொன்ன வழி வேறு: தலைப்பிள்ளை கடவுளுக்குரியவன், ஆனால் ஐந்து சேக்கல் வெள்ளி கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு பலிபீடம் என்ற சர்ச்சை

தொடக்கத்தில் எங்கும் பலிபீடங்கள் இருந்தன. கிதியோன் கட்டினார், சாமுவேல் ராமாவில் கட்டினார், எலியா கர்மேல் மலையில் இடிந்து கிடந்ததைப் பன்னிரண்டு கற்களால் செப்பனிட்டார். இஸ்ரவேலரின் வடக்கு அரசை ஆண்ட யெரொபெயாம் பெத்தேலிலும் தாணிலும் அரசு ஆலயங்களையே அமைத்தார். அப்புறம் உபாகமம் 12 வருகிறது: கர்த்தர் தெரிந்துகொள்ளும் ஒரே இடத்தில்தான் பலி. இதனால் ஒரு நடைமுறைச் சிக்கல். தொலைவில் இருக்கிறவன் கறி சாப்பிட ஆசைப்பட்டால்? அவனவன் ஊரில் அடித்துச் சாப்பிடலாம், இரத்தத்தை மட்டும் தண்ணீரைப் போலத் தரையில் ஊற்றிவிட வேண்டும் என்று அதே அதிகாரம் வழிவிடுகிறது. சாப்பாடும் பலியும் பிரிந்தது இங்கேதான்.

இதைச் செயல்படுத்திய யூதா அரசர்கள் இருவர். கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் எசேக்கியா, கி.மு. 622இல் யோசியா. சீர்திருத்தம் எல்லோருக்கும் பிடித்திருக்காது என்பதற்கு எதிரியின் வாயிலிருந்தே சாட்சி கிடைக்கிறது. கி.மு. 701இல் எருசலேமை மிரட்ட வந்த அசீரிய அதிகாரி ரப்சாக்கே மதில்மேல் இருந்த மக்களுக்கும் கேட்கும்படி, உங்கள் கடவுளை நம்புகிறீர்களா, அவருடைய மேடைகளையும் பலிபீடங்களையும்தானே எசேக்கியா அகற்றிவிட்டான் என்று குத்திக்காட்டினான்.

மண்ணுக்கடியிலும் இதன் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 1973இல் இஸ்ரேலின் தெற்கிலுள்ள பெயெர்செபா மேட்டில் தொல்லியலாளர் யோகனான் அகரோனியின் குழு தோண்டியபோது, ஒரு பண்டகசாலைச் சுவரில் வழக்கமான கட்டுமானக் கல்லுக்குப் பதிலாக நன்றாகச் செதுக்கிய மணற்கற்கள் இருந்தன. சேர்த்துப் பார்த்தால் கொம்புகளோடு கூடிய பெரிய பலிபீடம். யாரோ அதைப் பிரித்துச் சாதாரணச் சுவராக்கிவிட்டார்கள். இது எசேக்கியாவின் சீர்திருத்தம்தான் என்று அகரோனி சொன்னார், பலர் ஏற்றார்கள், சிலர் ஏற்கவில்லை. உளி படாத கல் என்ற விதியை அந்த ஊரார் கண்டுகொள்ளவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஒரு கல்லில் பாம்பு உருவம்கூடச் செதுக்கியிருந்தது.

அதே அகரோனி 1960களில் தோண்டிய ஆராத் கோட்டை இன்னும் சுவாரசியமானது. யூதா அரசின் எல்லைக் கோட்டைக்குள்ளே முழு ஆலயம். முற்றத்தில் செதுக்காத கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய பலிபீடம், விதியை வரிக்கு வரி பின்பற்றியதுபோல. உள்ளறையின் வாசலில் இரண்டு சிறிய சுண்ணாம்புக்கல் தூபபீடங்கள். அவற்றை வேண்டுமென்றே படுக்கவைத்துப் புதைத்திருந்தார்கள். மேலே ஒட்டியிருந்த கருமையான படிவை ஆய்வு செய்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றில் மிருகக் கொழுப்போடு கலந்த சாம்பிராணி, மற்றொன்றில் சாணத்தோடு கலந்த கஞ்சா. வேதாகமத்தின் தூபவர்க்கப் பட்டியலில் இல்லாத பொருள். எழுதிய விதி ஒன்று, எல்லைக் கோட்டையின் வழக்கம் வேறொன்று.

எகிப்தின் எலிஃபண்டைன் தீவில் குடியிருந்த யூதப் படைவீரர்களுக்கும் சொந்த ஆலயம் இருந்தது. கி.மு. 410இல் உள்ளூர்க் க்னூம் தெய்வத்தின் பூசாரிகள் தூண்டிவிட்டு அதை இடித்தார்கள். மூன்று ஆண்டு கழித்து அந்தச் சமூகம் யூதேயாவின் ஆளுநருக்கு எழுதிய மனு பாப்பிரசில் கிடைத்திருக்கிறது. போஜனபலி, தூபம், தகனபலி மூன்றையும் மீண்டும் செலுத்த அனுமதி கேட்கிறார்கள். வந்த பதிலில் போஜனபலியும் தூபமும் இருக்கின்றன, தகனபலியைக் காணோம். மிருகபலி எருசலேமுக்கு மட்டும் என்ற எண்ணம் அதற்குள் வலுத்துவிட்டது என்று இதைப் படிக்கலாம்.

தீர்க்கதரிசிகளின் கோபமும் அதற்குப் பிறகும்

‘உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன்’ என்றார் ஆமோஸ். ‘காளைகளின் இரத்தத்தில் எனக்குப் பிரியமில்லை’ என்றார் ஏசாயா. நியாயம் செய், இரக்கத்தை விரும்பு, உன் கடவுளோடு தாழ்மையாக நட, இதைத் தவிர என்ன கேட்கிறார் என்றார் மீகா. இதை வைத்து, தீர்க்கதரிசிகள் பலியே வேண்டாம் என்றவர்கள் என்று சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏசாயாவின் அதே பகுதியில், நீங்கள் எவ்வளவு ஜெபித்தாலும் கேட்க மாட்டேன், உங்கள் கைகள் இரத்தத்தால் நிறைந்திருக்கின்றன என்றும் வருகிறது. அதனால் ஏசாயா ஜெபத்துக்கு எதிரி என்று யாரும் சொல்வதில்லையே. விதவையின் வழக்கைத் தள்ளிவிட்டு வந்து கடவுளின் பந்தியில் உட்காருவதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

பாபிலோனியர் கி.மு. 586இல் ஆலயத்தை எரித்தார்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் முதலில் கட்டியது சுவரை அல்ல, ஆலயத்தையும் அல்ல, பலிபீடத்தை. ஆலயம் கி.மு. 515இல்தான் முடிந்தது. கி.மு. 167இல் சீரியாவிலிருந்து ஆண்ட கிரேக்க அரசன் அந்தியோக்கஸ் அந்தப் பலிபீடத்தின்மேல் அந்நிய பலிபீடம் ஒன்றை எழுப்பித் தீட்டுப்படுத்தினான். மூன்று ஆண்டுகளில், அவனை எதிர்த்துப் போரிட்ட யூதர்களான மக்கபேயர் மீட்டதும் ஒரு கேள்வி எழுந்தது: தீட்டான கற்களை என்ன செய்வது? எறியவும் மனமில்லை, பயன்படுத்தவும் முடியாது. ஒரு தீர்க்கதரிசி வந்து சொல்லும்வரை இருக்கட்டும் என்று ஆலய மலையில் ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். யூதர்களின் ஹனுக்கா பண்டிகை அந்தப் பிரதிஷ்டையின் நினைவு.

கி.பி. 70இல் ரோமர் ஆலயத்தை அழித்ததோடு பலி நின்றது. இடிபாடுகளைப் பார்த்துக் கலங்கிய சீடரிடம் யோகனான் பென் சக்காய் என்ற ரபி, பாவநிவிர்த்திக்கு நமக்கு இன்னொரு வழி இருக்கிறது, இரக்கச் செயல்கள் என்று ஓசியாவின் வசனத்தைக் காட்டியதாக யூத மரபு சொல்கிறது. காலை ஆட்டுக்குட்டியின் இடத்தில் காலை ஜெபமும் மாலைக் குட்டியின் இடத்தில் பிற்பகல் ஜெபமும் நிலைபெற்றன. பிற்பகல் ஜெபத்துக்கு இன்றும் ‘மின்கா’ என்று பெயர், போஜனபலியின் எபிரெயப் பெயர் அது. கிறிஸ்தவர்கள் இயேசுவின் சாவை, எகிப்திலிருந்து மீண்டதை நினைவுகூரும் பஸ்காவாகவும் பாவநிவிர்த்தி நாளாகவும் வாசித்தார்கள். அவர்களின் திருவிருந்தில் சமாதானபலிப் பந்தியின் சாயலும் இருக்கிறது, ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

பஸ்கா ஆட்டை இன்றும் பலியிடுகிறவர்கள், பண்டைய இஸ்ரவேலரின் வழிவந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் சமாரியர்கள். இப்போது சில நூறு பேரே உள்ள சமூகம். அவர்களுக்குப் பரிசுத்த மலை எருசலேம் அல்ல, நாப்ளுஸ் நகரத்தை ஒட்டிய கெரிசீம். வருஷந்தோறும் பஸ்கா மாலையில் அந்த மலைமேல் கூடி, ஆடுகளை அறுத்து, கம்பில் கோத்துக் குழி அடுப்புகளில் சுட்டு, கசப்பான கீரையோடும் புளிப்பில்லா அப்பத்தோடும் நள்ளிரவில் குடும்பம் குடும்பமாகச் சாப்பிடுகிறார்கள். யாத்திராகமம் 12 சொன்னபடி, மிஞ்சியதை விடியுமுன் எரித்துவிடுகிறார்கள்.